நான்காவது துளி

ரத்தச் சர்க்கரை பார்க்க நான்காவது முறை குத்தியபோது அம்மாவின் மோதிர விரலில் ரத்தம் வரவில்லை. அடியிலிருந்து மெல்ல நீவிவிட்ட பிறகே ஒரு துளி திரண்டது.

அஸ்தம்பட்டி வீட்டில் இன்று காலை சத்துபானம் குடிக்கும் முன் 118. அரை மணி நேரத்தில் 176, ஒரு மணி நேரத்தில் 214, இரண்டு மணி நேரத்தில் 171.

டப்பாவில் ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்றிருந்தது. ஆனால், சேர்மானப் பட்டியலில் இரண்டாவதாக இருந்த மால்டோடெக்ஸ்ட்ரின், நாவுக்கு அவ்வளவாக இனிக்காவிட்டாலும், ஏறக்குறைய குளுக்கோஸின் வேகத்திலேயே ரத்தச் சர்க்கரையை உயர்த்தக்கூடிய மாவுப்பொருள்.

1981இல் டொராண்டோவில் ஆய்வாளர் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் வகுத்த, ஓர் உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு உயர்த்துகிறது என்று காட்டும் கிளைசெமிக் குறியீடும் இவ்வாறு இரண்டு மணி நேரம் ரத்தத்தை அளந்து, குளுக்கோஸை 100 எனக் கொண்டு ஒப்பிடுவதுதான்.

மெலிந்துவரும் அம்மாவுக்கு இந்தப் பானத்தை அடியோடு நிறுத்த எனக்கு மனமில்லை. எவ்வளவு கொடுக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்க, நான்கு எண்களையும் நேரத்துடன் குறித்து வைத்திருக்கிறேன்.