சின்னப் பல்லும் வேப்பமரத்து மேடும்

ஜனவரி 5, 2025, ஞாயிறு

இன்றைக்கும் வேப்பமரத்தடியில் சைக்கிளை விட்டு இறங்கிவிட்டேன். வேலூர் ஓட்டேரி ஏரிக்குப் பின்னால் குன்றேறும் அந்த மண்பாதை மொத்தமே முக்கால் கிலோமீட்டர்தான் இருக்கும். பாதி தாண்டுவதற்குள் மூச்சு தொண்டையில் வந்து நிற்கிறது. வேப்பமரத்துக்கிட்டே பாதை திரும்பிச் செங்குத்தாகிறது. சரளையில் பின்சக்கரம் ஒரு சுற்று வெறுமனே சுழலும். அவ்வளவுதான், கால் தரையில்.

ஆடு மேய்க்கிற ஆயா வழக்கம்போலப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னாத்துக்குப்பா இந்தக் கஷ்டம்? எறங்கித் தள்ளினு போயேன், சீக்கிரம் போயிடலாம்." கணக்குப்படி அவர் சொல்வது சரிதான்.

வயது 42, எடை 81 கிலோ. காலில்தான் பலம் போதவில்லை என்று தினமும் 50 தோப்புக்கரணம் போட்டுவருகிறேன். பிள்ளையாருக்கே அலுத்திருக்கும்.

ஜனவரி 9, வியாழன்

பிரேக் ஒயர் மாற்றப் போனேன். கடைக்கார அண்ணன் வண்டியைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்றினார். முன்னால் மூன்று பல்சக்கரம். பெரியதும் நடுவில் உள்ளதும் தேய்ந்து பளபளவென்றிருக்க, சின்னது மட்டும் வாங்கிய அன்றைய கறுப்பு மாறாமல் இருந்தது.

"இத்த தொட்டதே இல்லியா சார்? அப்புறம் இன்னாத்துக்குக் காசு குடுத்து வாங்கினீங்க?"

என்ன சொல்வது? சின்னதில் போட்டு ஓட்டினால் கிழவன் ஓட்டுகிற மாதிரி இருக்கும் என்ற வீம்புதான். நடுச்சக்கரத்தில் 34 பல், பின்னால் உள்ள பெரியதிலும் 34. பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்று. முன்னால் 24க்கு இறக்கினால் சக்கரம் முக்கால் சுற்றுக்கும் கொஞ்சம் குறைவாகப் போகும். வேகம் குறையும், காலுக்குப் பாரமும் குறையும்.

சீட்டும் இரண்டு விரல்கடை இறங்கியிருந்ததாம். குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே விட்டால் முழங்கால் நீள வேண்டும். எனக்கு மடங்கியே இருந்தது. முட்டிக்கு முன்பக்கம் இருந்த வலிக்கு ஒரு மாதமாகத் தைலம்தான் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 15, மாட்டுப் பொங்கல்

ஜெராக்ஸ் கடைக்கு லீவு. பக்கத்து ஊரில் மாடு விடும் விழா. குறைந்த வினாடியில் கோட்டைத் தாண்டும் மாட்டுக்குப் பரிசு. வாடியை விட்டு வெளியே வந்ததும் ஒரே பாய்ச்சல், புழுதி அடங்குவதற்குள் மாட்டைக் காணோம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே உறைத்தது: நானும் மேட்டை இப்படித்தான் தொடங்குகிறேன். மாட்டுக்குத் தெரு முடிந்தால் வேலை முடிந்தது. எனக்கு அதற்கப்புறம்தான் வேப்பமரமே வரும்.

சாயங்காலம் அடிவாரத்திலேயே சின்னப் பல்லுக்கு இறக்கினேன். வெட்கப்படும் அளவுக்கு மெதுவாகத் தொடங்கினேன். அளவுகோலுக்கு ஒரு வாக்கியம் வைத்துக்கொண்டேன், கடையில் நாள் முழுக்கச் சொல்வது: "ஆதார் முன்பக்கம் பின்பக்கம் ரெண்டையும் ஒரே தாளில் போடவா?" ஒரே மூச்சில் இதைச் சொல்ல முடிந்தால் வேகம் சரி. "முன்பக்கம்" என்பதோடு மூச்சு நின்றால் அதிகம்.

மரம் வரை முழு ஆதாரும் வந்தது. அங்கே சறுக்கிவிட்டது. ஆனால் தெம்பு மிச்சமிருந்தது. அப்படியானால் குறை காலில் இல்லை.

ஜனவரி 26, ஞாயிறு

சறுக்கலுக்கு இரண்டு வாரம் போனது. எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரத்தின் மேல் பாரம் இல்லாமல் வெறுமனே சுழல்கிறது. நிமிர்ந்து உட்கார்ந்தால் முன்சக்கரம் குதிரை மாதிரி தூக்குகிறது. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. சீட்டின் மூக்குக்கு நகர்ந்து, முழங்கையை மடித்துக் கீழே இறக்கி, நெஞ்சை ஹேண்டில்பார் பக்கம் சாய்க்க வேண்டும். அந்த இடத்தில் உட்காருவது சுகமாக இல்லை என்பதையும் எழுதிவைக்கிறேன்.

காற்றையும் 40 பிஎஸ்ஐயிலிருந்து 28க்கு இறக்கினேன். டயர் கல்லைக் கவ்வுகிறது. ஆசைப்பட்டு 22க்கு இறக்கிப் பார்த்ததில், ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை. பாகாயம் வரை தள்ளிக்கொண்டு வந்தேன். ஆயாவுக்கு ஒரே சந்தோஷம்.

பிப்ரவரி 11, செவ்வாய்

அமிர்தி சாலை, காலை 5.30. ஆதார் வாக்கியம் பாதியில் அறுகிற வேகத்தில் 4 நிமிடம், அப்புறம் 4 நிமிடம் சும்மா உருட்டல். நாலு தடவை. வாரத்துக்கு இரண்டு நாள் இது, மற்ற நாளெல்லாம் மெதுவாக. மெதுவாகப் போவதுதான் கஷ்டம். பால்கேன் கட்டிய சைக்கிள் முந்தினாலும் கால் அரிக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

ஏலகிரி. மச்சானின் குட்டியானை மினி லாரியில் சைக்கிளை ஏற்றி, பொன்னேரி அடிவாரத்தில் 6 மணிக்கு இறங்கினோம். வெயில் ஏறினால் இந்த ஊரில் எந்தப் பயிற்சியும் செல்லாது. உப்பும் எலுமிச்சையும் கலந்த தண்ணீர் இரண்டு பாட்டில்.

14 கொண்டை ஊசி வளைவு, புலவர்கள், வள்ளல்கள் பெயரில். இடப்பக்கம் திரும்பும் வளைவில்தான் ஆபத்து. நாம் போகும் உள்ஓரம் செங்குத்து. விலகி வெளிவட்டத்துக்குப் போகலாம் என்றால் எதிரே பஸ் ஹாரனோடு இறங்குகிறது. வளைவுக்கு முன்பே கியரை இறக்க வேண்டும் என்று தெரிந்தும் ஒரு வளைவில் தாமதித்தேன். முழுப் பாரத்தில் மாற்றியதும் செயின் கழன்றது. மாட்டிக்கொண்டிருக்கையில் ஒரு குரங்கு பையிலிருந்த வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டது. வள்ளல் பெயர் வைத்த வளைவு, ஒன்றும் சொல்வதற்கில்லை.

மேட்டில் திரும்பக் கிளம்புவது தனி வித்தை. வண்டி எதுவும் வராதபோது சைக்கிளைச் சாலைக்குக் குறுக்காகச் சாய்த்து, பிரேக்கைப் பிடித்து, ஒரு பெடலை மேலே வைத்து ஒரே மிதி. மூன்றாவது முயற்சியில் வந்தது.

மேலே அத்தனாவூர் போய்ச் சேர 1 மணி 34 நிமிடம், குரங்கையும் சேர்த்து. மலை கிட்டத்தட்ட 1,100 மீட்டர் உயரம். குறைத்த எடையெல்லாம் திரும்பும் வழியில் ஆம்பூர் பிரியாணியாகக் கூடவே வந்துவிட்டது.

மார்ச் 16, ஞாயிறு

மறுபடி ஓட்டேரிக் குன்று. வேப்பமரம் தாண்டியது. சரளை தாண்டியது. மேலே பாறைக்குப் பக்கத்தில் ஆயா, ஆடுகளோடு.

"இன்னாப்பா, இன்னிக்கு எறங்கவே இல்ல?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். "ஆங்" என்று மட்டும்தான் வந்தது. ஆதார் கணக்குப்படி இன்றைக்கும் வேகம் அதிகம்.