தரையில் விரியும் கால், காற்றில் விரிவதில்லை

ஜிம்னாஸ்டிக்ஸ் பயிலும் என் மகள் தரையில் முழு ஸ்ப்ளிட்டில் (ஒரு காலை முன்னும் மற்றதைப் பின்னுமாக நேர்கோட்டில் விரித்து) அமர்கிறாள். ஆனால் காற்றில் அதே போலக் கால்களை விரிக்கும் ஸ்ப்ளிட் லீப்பில் தாவும்போது அதே கால்கள் நடுவர்கள் எதிர்பார்க்கும் 180 பாகையை எட்டுவதில்லை. தரையில் உடல் எடையே கால்களை விரித்துக் கொடுக்கிறது. காற்றில் இடுப்பை மடக்கும் தசைகளும் பிட்டத் தசைகளும் தாமே அந்த வேலையைச் செய்தாக வேண்டும். ஆகவே வீட்டில் நீட்சியைக் கூட்டுவதைவிட, இருக்கும் நீட்சிக்குள் வலுவைச் சேர்ப்பதே பயன் தரும் என்று கருதுகிறேன்.

உடல் சூடாகும்வரை கயிறு தாண்டிய பின், சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, முட்டி மடங்காமல் ஒரு காலை மெதுவாக முன்னே உயர்த்தி, கையால் பிடிக்காமல் சில நொடிகள் நிறுத்தி, தொப்பென்று விழவிடாமல் இறக்க வேண்டும். முதுகு வளைந்தாலோ இடுப்பு திரும்பினாலோ அந்த உயரத்தை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. கையால் தூக்கிய காலை விட்டதும் அது எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தால், குறைவது வலுவா நீட்சியா என்பது தெரிந்துவிடும். பின்னங்காலுக்கு, குப்புறப் படுத்து, இடுப்பெலும்பு தரையை விட்டு எழாமல் தொடையை உயர்த்தலாம். பலரும் மறப்பது இதைத்தான்.

தோளை அழுத்தி ஸ்ப்ளிட்டில் அமர்த்தும் பழக்கத்தில் (சில பயிற்சிக்கூடங்களில் இன்னும் உண்டு) எனக்கு உடன்பாடில்லை. வளரும் பிள்ளைகளுக்குத் தசைநாண் எலும்பைப் பற்றும் இடத்தில் குருத்தெலும்பு இன்னும் முழுமையாக இறுகியிருக்காது என்பதால், இடுப்பில் கூர்மையான வலி வந்தால் பயிற்சியை அங்கேயே நிறுத்த வேண்டும். வலி நீடித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.