எடின்பரோவிலிருந்து கம்பாலாவுக்கு: புத்தகப் பெட்டிகளின் நாட்குறிப்பு

2023 அக்டோபர் 14, சனி

எடின்பரோ பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஈஸ்டர் புஷ் வளாகத்தில் எங்களுக்கு ஒதுக்கிய சிறு அறை இன்று மாலைக்குள் நிறைந்துவிட்டது. பட்டம் பெற்றுப் போன மாணவர்களும் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்களும் கொடுத்த பாடநூல்கள் தரையிலிருந்து சன்னல் வரை அடுக்கியிருக்கின்றன. அவற்றை உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவிலுள்ள மக்கரேரே பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது எங்கள் திட்டம். பாதிக்கு மேல் நாய், பூனை பற்றிய நூல்கள்.

நல்ல வேளையாக, பெட்டி கட்டுமுன் கம்பாலாவுக்கு எழுதிக் கேட்டிருந்தோம். பதில் நேற்று வந்தது. மாடு, ஆடு, கோழி, ஒட்டுண்ணியியல், நோய்க்குறியியல் நூல்களே முதலில் வேண்டும் என்றும், பத்து வெவ்வேறு நூல்களில் ஒவ்வொரு பிரதி வருவதைவிட ஒரே நூலின் பத்துப் பிரதிகள் வந்தால் ஒரு வகுப்பே சேர்ந்து படிக்க முடியும் என்றும் எழுதியிருந்தார்கள். இந்த இரண்டாவது வரி எங்கள் யாருக்கும் தோன்றாத ஒன்று. நம்மிடம் மிஞ்சியதைக் கொடுப்பதும் அவர்கள் கேட்டதைக் கொடுப்பதும் வேறு வேறு வேலைகள் என்பதை இந்த மடல்தான் எங்களுக்குப் புரியவைத்தது.

2023 நவம்பர் 5, ஞாயிறு

நாள் முழுவதும் தரம் பிரித்தோம். உடற்கூறியல் நூல்களைப் பொறுத்தவரை வயது ஒரு பொருட்டல்ல. வில்லியம் டிக் 1823இல் இந்த ஊரில் கால்நடை மருத்துவம் கற்பிக்கத் தொடங்கியபோதும் மாட்டின் வயிற்றுக்கு நான்கு அறைகள்தான். விலங்குடல்களை அறுத்துப் படிக்கும் கூடத்தின் எண்ணெய்க்கறை படிந்த பிரதிகளைக்கூட நான் ஒதுக்கவில்லை, ஏனென்றால் அவை அதே மாதிரியான மேசையருகே மறுபடியும் விரிக்கப்படப் போகின்றன.

மருந்தியல் அப்படியில்லை. அளவும் தடையும் மாறிக்கொண்டே இருப்பதால் பத்தாண்டுக்கு முந்தைய மருந்து நூல்களைத் தயக்கமின்றி விலக்கினோம். இடைப்பட்டவற்றில்தான் மனம் ஊசலாடியது. நான் பிரித்த ஒரு நூல் மாடுகளைக் கொல்லும் வெக்கை நோயை (ரிண்டர்பெஸ்ட்) இன்னும் உலவும் கொள்ளைநோயாகவே விவரிக்கிறது; அந்த நோய் உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதென 2011இல் அறிவிக்கப்பட்டது. அந்த வெற்றிக்கு அடித்தளமான தடுப்பூசியை வால்டர் பிளவ்ரைட் உருவாக்கியது கென்யாவின் முகுகாவில், அதாவது இந்த நூல் போய்ச் சேரவிருக்கும் நாட்டின் பக்கத்து நாட்டில். இன்னொரு நூலில், மாடு, ஆடுகளுக்கு உண்ணிகள் பரப்பும் ஹார்ட்வாட்டர் நோயின் கிருமிக்கு ‘கௌட்ரியா’ என்ற பழைய பெயரே இருக்கிறது. 2001இல் அதை ‘எர்லிக்கியா’ பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு நூல்களிலும் மற்ற அதிகாரங்கள் மிக நல்லவை. ஆகவே அவற்றை விலக்காமல், மாற்றங்களைத் தெளிவாக எழுதிய தாளை உரிய பக்கத்தில் ஒட்டினேன். இப்படி நாற்பது தாள்கள் ஆயின.

2024 ஜனவரி 25, வியாழன்

ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் பிறந்த நாள் இரவு. கப்பல் கட்டணத்துக்காகக் கேய்லி என்னும் ஸ்காட்லாந்துக் கூட்டு நடனத்துக்குச் சீட்டு விற்றோம், ஆட்டின் உள்ளுறுப்புகளில் செய்யும் ஹேகிஸ் பரிமாறினோம், கூட்டம் நிறைய வந்தது.

ஆயினும் கணக்குப் பார்த்தால் போதவில்லை. நவம்பரிலிருந்து செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படுவதால் சரக்குக் கப்பல்கள் பலவும் சூயஸ் கால்வாயை விட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகின்றன. பெட்டிகள் இறங்க வேண்டிய கென்யத் துறைமுகமான மொம்பாசாவுக்கு இலையுதிர் காலத்தில் எங்களுக்குச் சொன்ன கட்டணம் இப்போது செல்லாது.

2024 மார்ச் 9, சனி

எடின்பரோவின் ஆர்தர்ஸ் சீட் குன்றின் உயரம் 251 மீட்டர். ஒரே நாளில் அதை ஏழு முறை ஏறினால், அடிவாரத்தின் உயரத்தைக் கழித்த பின்னும், பிரிட்டனிலேயே உயரமான பென் நெவிஸின் 1,345 மீட்டரைத் தாண்டிவிடலாம். ஏற்றம் ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று முன்கூட்டியே வாக்களித்தவர்களிடம் நன்கொடை திரட்டினோம். நான்காவது ஏற்றத்தில் மழை பிடித்தது. பதினொருவர் தொடங்கினோம், ஒன்பது பேர் முடித்தோம். நடக்க முடியாமல் நின்றுவிட்ட இருவரும் அடிவாரத்தில் இருட்டும்வரை தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கப்பல் கட்டணத்தின் குறை இன்றோடு தீர்ந்தது.

2024 ஏப்ரல் 20, சனி

பாடநூல் ஒன்று இரண்டு மூன்று கிலோ இருக்கும். பெட்டியைப் பெரிதாகக் கட்டினால் வழியில் அடி பிளந்துவிடும். அதனால் தூக்குபவரின் முதுகையும் நினைத்து, பெட்டிக்கு இருபது கிலோவுக்கு மேல் வைக்கவில்லை. உட்புறம் பிளாஸ்டிக் விரித்தோம். மொம்பாசாவின் ஈரக்காற்றைத் தாண்டி, கென்யா–உகாண்டா எல்லையான மலாபா வழியாக ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் லாரியில் போக வேண்டிய பெட்டிகள் அவை.

ஏற்றும் நாளன்று சரக்கு முகவர் ஒருவர் சுங்கத்துக்கென்று ஒரு கூடுதல் தொகையைக் கேட்டார். கல்விக்கான நூல்களுக்கு இறக்குமதி வரி விலக்களிக்கும் யுனெஸ்கோவின் 1950ஆம் ஆண்டுப் புளோரன்ஸ் உடன்பாட்டைச் சுட்டிக்காட்டி, எந்த வகையில் இந்தத் தொகை என்று எழுத்தில் கேட்டோம். மூன்று நாள் கழித்து அந்தத் தொகை ரசீதிலிருந்து நீங்கியது. மழையில் நனைந்து சேர்த்த பணத்தை விவரம் கேட்காமல் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

2024 ஆகஸ்ட் 17, சனி

பெட்டிகள் கம்பாலா போய்ச் சேர்ந்துவிட்டன. ஒரு பெட்டி மட்டும் மூலையில் நனைந்திருந்தது, நூல்கள் தப்பின. அவர்கள் மடலோடு அனுப்பிய படத்தில், நீண்ட மேசையில் ஆட்டு நோய்கள் பற்றிய ஒரே நூலின் எட்டுப் பிரதிகள் வரிசையாக இருக்கின்றன. அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மடலில் இரண்டு செய்திகள். நான் ஒட்டிய தாள்களில் ஒன்றில், மாடுகளுக்கு வரும் கிழக்குக் கரைக் காய்ச்சலைப் பரப்பும் பழுப்புக் காது உண்ணியின் பெயரில் ஓர் எழுத்தைப் பிழையாக எழுதியிருக்கிறேன். அங்கே ஒரு மாணவி அதைக் கண்டு திருத்திவிட்டாராம். அடுத்து, விக்டோரியா ஏரிக்கரையில் மீன் வளர்ப்போருக்கு உதவ மீன் நோய்கள் பற்றிய நூல்கள் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார்கள். நாங்கள் அனுப்பியவற்றில் அப்படி ஒன்றுகூட இல்லை. அடுத்த முறை நூல் கேட்டு அனுப்பும் சுற்றறிக்கையின் முதல் வரியாக அதை இன்றிரவே எழுதி வைத்தேன்.