டிஸ்சார்ஜ் சீட்டு எழுதும் நேரம்

காலையில் ஆபரேஷன், சாயங்காலம் வீடு. கண்புரை, குடலிறக்கம் போன்றவற்றுக்கு இன்று இது சாதாரணம். டே கேர் வார்டில் நர்ஸாக இருக்கும் எனக்கு, தியேட்டரில் நடப்பதைவிட அனுப்பி வைப்பதுதான் பெரிய காரியமாகப் படுகிறது.

கண் திறந்ததுமே "எப்போ போகலாம் சிஸ்டர்?" என்பார்கள். முதலில் சாய்த்து உட்கார வைப்போம். பிறகு காலைத் தொங்கவிட்டு, அப்புறம் நிற்கவைத்து, நாலடி நடக்கவிட்டு. நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும், நடை, குமட்டல், வலி, ரத்தக்கசிவு என்று மதிப்பெண் போட்டுப் பத்துக்கு ஒன்பதாவது வந்தால்தான் அனுப்பும் பேச்சு. இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஊசி போட்டுக்கொண்ட பெரியவர்களிடம் சிறுநீர் போனதா என்று விடாமல் கேட்பேன். கூச்சத்தில் "போயாச்சும்மா" என்று சொல்லிவிடுவார்கள். நடுராத்திரி அடிவயிறு உப்பித் தவிக்கப்போவது அவர்கள்தானே.

மிடசோலம் என்ற அரைத்தூக்க மருந்து போட்டவர் நான் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவார், தெளிவாகப் பதிலும் சொல்வார். மறுநாள் ஒன்றும் நினைவிருக்காது. அந்த மருந்தின் குணம் அது. அதனால் கூட வந்தவரை உட்காரவைத்துச் சொல்கிறேன், அவர் வாயால் திருப்பிச் சொல்லக் கேட்கிறேன். முக்கியமாக மாத்திரை விஷயம். தையல் போட்ட இடம் மரத்துப்போக ஊசி போட்டிருப்பதால் சாயங்காலம் வலியே தெரியாது. "வலிச்சா போட்டுக்கலாம்" என்று விட்டுவிடுவார்கள். சில மணி நேரத்தில் மரப்பு விடும்போது வலி ஒரேயடியாக ஏறும், அப்போது போடும் மாத்திரை கேட்க நேரம் பிடிக்கும். மரப்பு இருக்கும்போதே முதல் மாத்திரை உள்ளே போயிருக்க வேண்டும்.

கிளாஸ்கோவில் ஜேம்ஸ் நிக்கோல் என்ற அறுவை மருத்துவர், பத்தாண்டுகளில் 8,988 அறுவை சிகிச்சைகளைக் குழந்தைகளுக்கு வெளிநோயாளிகளாகவே செய்ததை 1909இல் எழுதினார். எல்லோரும் அந்த எண்ணைச் சொல்வார்கள். நர்ஸுகள் அந்தக் குழந்தைகளின் வீடுகளுக்கே போய்ப் பார்த்தார்கள் என்பதுதான் என்னை நெகிழவைக்கிறது. எங்களுக்கு மறுநாள் காலை ஒரு போன்தான். இடைப்பட்ட ராத்திரியில் நர்ஸ் வேலை பார்ப்பது ஒரு மனைவியோ மகனோ. அவர்களைத் தயார்செய்யாமல் அனுப்ப மனம் வருவதில்லை.

முழு மயக்கம் கொடுத்தவருக்கு 24 மணி நேரம் பெரியவர் ஒருவர் துணை வேண்டும். "பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் இறக்கிவிடுவார், மத்தபடி தனியாத்தான் இருக்கேன்" என்று யாராவது சொன்னால், டாக்டரிடம் போய் இன்றைக்கு இங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்பேன். படுக்கை இல்லை என்பார்கள். இன்னொரு முறை கேட்பேன்.