சொல்லாத பட்டியலைச் சொல்லிப் பார்த்தேன்

டெலுரைட் திரைப்பட விழாவுக்கு ஒரு விநோதமான பிடிவாதம் உண்டு. என்னென்ன படங்களைத் திரையிடப்போகிறோம் என்று விழாவுக்கு முந்தைய நாள்வரை வாய் திறக்கமாட்டார்கள். கொலராடோ மலைகளுக்கு நடுவே, கடல்மட்டத்திலிருந்து சுமார் 8,750 அடி உயரத்தில் இருக்கிற சிற்றூர் அது. நூற்றுக்கணக்கான டாலர் கொடுத்து அனுமதிச்சீட்டு வாங்குகிறவர்கள், எதைப் பார்க்கப்போகிறோம் என்றே தெரியாமல் அங்கே வந்து இறங்குகிறார்கள். 1974-இல் தொடங்கிய விழா. போட்டிப் பிரிவு இல்லை, நடுவர் குழு இல்லை, சிவப்புக் கம்பள ஆரவாரமும் இல்லை. அமெரிக்காவில் செப்டம்பர் முதல் திங்கள் தொழிலாளர் தின விடுமுறை. அதை ஒட்டிய வார இறுதியில் விழாவை நடத்தி முடித்துவிடுவார்கள்.

ரகசியம் என்று ஒன்று இருந்தால் அதை மோப்பம் பிடிக்கச் சிலர் கிளம்பத்தானே செய்வார்கள்? நானும் கிளம்பினேன். விழாவுக்குப் போகிற எண்ணமெல்லாம் கிடையாது. பட்டியல் வெளிவருவதற்கு முன்பே அதை எந்த அளவுக்கு எழுதிவிட முடியும் என்று பார்க்கும் ஆசை, அவ்வளவுதான். 2024, 2025 பருவங்களில் செய்து பார்த்ததில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதன் குறிப்பு இது.

தொடக்கத்திலேயே ஒரு முடிவு எடுத்துக்கொண்டேன்: படம் நன்றாக இருக்குமா என்று யோசிப்பதில்லை. ஊகம் செய்பவர்களில் பெரும்பாலோர் தங்களுக்குப் பிடித்த இயக்குநர்களை வரிசையாக எழுதிவிட்டு அதற்குக் கணிப்பு என்று பெயர் வைக்கிறார்கள். அது விருப்பப் பட்டியல். எனக்கு வேண்டியது தேதிகளும் மற்ற விழாக்களின் அறிவிப்புகளும் மட்டுமே. டெலுரைட் மௌனமாக இருக்கலாம். வெனிஸும் டொரன்டோவும் நியூயார்க்கும் மௌனமாக இருக்க முடியாது. அவர்கள் பேசுவதிலிருந்து இவர்கள் பேசாததைப் பிடித்துவிடலாம் என்பதுதான் என் நம்பிக்கை.

எக்ஸெல் தாளில் முதல் வரிசைகள் மே மாதத்திலேயே நிரம்பிவிடும். பிரான்ஸின் கேன்ஸ் திரைப்பட விழா முடிந்த கையோடு, பரிசு பெற்ற படங்களையும் அமெரிக்க விநியோக நிறுவனம் வாங்கிய படங்களையும் எழுதிக்கொள்வேன். கேன்ஸின் உயரிய பரிசான தங்கப்பனையை வென்ற படத்துக்கு, டெலுரைட்டுக்கு வரும் வாய்ப்பாகக் கண்ணை மூடிக்கொண்டு அதிக விழுக்காடு கொடுக்கலாம். 2023-இல் 'அனாடமி ஆஃப் எ ஃபால்', 2024-இல் 'அனோரா', 2025-இல் 'இட் வாஸ் ஜஸ்ட் அன் ஆக்சிடென்ட்' என்று மூன்று ஆண்டுகளின் வெற்றிப் படங்களும் டெலுரைட்டுக்கு வந்திருக்கின்றன. மற்ற கேன்ஸ் படங்களில் எது வரும் என்பதை விநியோக நிறுவனத்தின் பெயர் ஓரளவு சொல்லிவிடும். சோனி பிக்சர்ஸ் கிளாசிக்ஸ் பல ஆண்டுகளாக டெலுரைட்டின் வாடிக்கை விருந்தாளி. அவர்கள் கையில் இருக்கும் கேன்ஸ் படத்துக்கு நான் யோசிக்காமல் இரண்டு படி கூட்டிவிடுவேன். பாயல் கபாடியாவின் 'ஆல் வி இமேஜின் ஆஸ் லைட்' 2024-இல் கேன்ஸின் கிராண்ட் பிரி பரிசைப் பெற்று, அமெரிக்க விநியோகமும் உறுதியான பிறகு, அதையும் மேல் வரிசைக்கு ஏற்றினேன். வந்தது. அதில் கொஞ்சம் ஆசையும் கலந்திருந்தது என்று யாராவது சொன்னால் மறுக்கமாட்டேன்.

ஜூன் மாதம் சும்மா போகும்.

ஜூலைக் கடைசியில்தான் ஆட்டம் சூடு பிடிக்கிறது. வெனிஸ் தன் பட்டியலை அறிவிக்கும். எந்தப் படம் எந்த நாளில் என்ற அட்டவணையும் கைக்குக் கிடைக்கும். எனக்கு அந்த அட்டவணைதான் பொக்கிஷம். வெனிஸ் பெரும்பாலும் ஒரு புதன்கிழமை தொடங்குகிறது. அதே வாரம் வெள்ளிக்கிழமை டெலுரைட். 2024-இல் வெனிஸ் ஆகஸ்ட் 28 முதல் செப்டம்பர் 7 வரை, டெலுரைட் ஆகஸ்ட் 30 முதல் செப்டம்பர் 2 வரை. வெனிஸ் போட்டிப் பிரிவில் இருக்கும் படம் உலகத்தில் முதன்முதலாக அங்கேதான் திரையேற வேண்டும். ஆகவே, வெனிஸில் செப்டம்பர் 2-க்குப் பிறகு திரையிடப்படும் எந்தப் படமும் டெலுரைட்டுக்கு வர வழியே இல்லை. 'ஜோக்கர்' இரண்டாம் பாகத்துக்கு வெனிஸ் கொடுத்த நாள் செப்டம்பர் 4. அந்த வரியை அப்போதே அடித்துவிட்டேன். 'குயர்' செப்டம்பர் 3. அதுவும் போயிற்று. பெரிய பெயர்கள் இப்படி ஒரே நிமிடத்தில் பட்டியலிலிருந்து உதிர்வதைப் பார்ப்பதில் ஒரு கொடூரமான மகிழ்ச்சி இருக்கிறது.

மறுபக்கமும் உண்டு. வெனிஸில் முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் காட்டிவிட்டால், படக்குழு விமானம் ஏறி வார இறுதிக்குள் கொலராடோவுக்கு வந்துவிடலாம். கொலராடோவின் கடிகாரம் வெனிஸைவிட 8 மணி நேரம் பின்தங்கி ஓடுவதால் பயணத்தில் இழக்கும் நேரத்தில் ஒரு பகுதி திரும்பவும் கிடைத்துவிடுகிறது. ஏஞ்சலினா ஜோலி நடித்த 'மரியா' 2024 ஆகஸ்ட் 29 அன்று வெனிஸில் காட்டப்பட்டது. அந்த வார இறுதியிலேயே டெலுரைட்டில். 2025-இல் 'புகோனியா', 'ஜே கெல்லி' இரண்டுக்கும் வெனிஸில் ஆகஸ்ட் 28. இரண்டும் டெலுரைட்டுக்கு வந்தன. கேத்ரின் பிகெலோவின் படத்துக்கு அதே ஆண்டு வெனிஸ் ஒதுக்கியது செப்டம்பர் 2. டெலுரைட் செப்டம்பர் 1-ஆம் தேதியே முடிந்துவிட்டது. படங்களின் தரத்துக்கும் இதற்கும் எள்ளளவும் தொடர்பில்லை. நாட்காட்டி போட்ட கோடு.

இடைப்பட்ட நாட்கள்தான் தலைவலி. வெனிஸில் சனி அல்லது ஞாயிறு காட்டப்படும் படம், கணக்குப்படி திங்களன்று டெலுரைட்டில் ஓடலாம். ஆனால் இயக்குநரும் நடிகர்களும் வராமல் படத்தை மட்டும் அனுப்ப யாருக்கும் மனம் வராது. அங்கே பார்வையாளர்களோடு பூங்காவில் உட்கார்ந்து பேசுவதுதான் பாதி விழா. ஆகவே அவற்றுக்கெல்லாம் குறைவாகவே கொடுக்கிறேன்.

இனி டொரன்டோ. இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். டொரன்டோ விழா தன் படங்களை அறிவிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சிறு அடைமொழி போடும்: உலக முதல் திரையிடல், சர்வதேச முதல் திரையிடல், வட அமெரிக்க முதல் திரையிடல், கனடிய முதல் திரையிடல். விளம்பரத்துக்காகப் போட்டது போலத் தெரியும். டெலுரைட் முடிந்த சில நாட்களில் டொரன்டோ தொடங்குகிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால், அதில் டெலுரைட்டின் பட்டியல் பாதி எழுதப்பட்டிருக்கும்.

வெனிஸில் முதன்முதலாகத் திரையேறும் ஓர் இத்தாலியப் படத்தை எடுத்துக்கொள்வோம். அதற்கு 'வட அமெரிக்க முதல் திரையிடல்' என்று டொரன்டோ போட்டால், அதற்கு முன் அந்தக் கண்டத்தில் எங்கேயும் ஓடப்போவதில்லை என்று பொருள். டெலுரைட்டும் அந்தக் கண்டத்தில்தான் இருக்கிறது, எனவே இல்லை. அதே படத்துக்குக் 'கனடிய முதல் திரையிடல்' என்று போட்டால் நிமிர்ந்து உட்கார வேண்டும். கனடாவுக்கு முன்பு வட அமெரிக்காவில் வேறெங்கோ ஓடப்போகிறது. வெனிஸுக்கும் டொரன்டோவுக்கும் இடையிலுள்ள அந்தச் சில நாட்களில் அமெரிக்காவில் அது போகக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான்.

அமெரிக்கப் படமென்றால் 'சர்வதேச முதல் திரையிடல்' என்ற அடைமொழியைத் தேடுகிறேன். தாய்நாட்டில் காட்டியாயிற்று, வெளிநாட்டில் இப்போதுதான் முதல் தடவை என்று அதற்குப் பொருள். ஜனவரியில் சன்டான்ஸ் விழாவிலோ கோடையில் டிரைபெகாவிலோ அந்தப் படம் வந்திருக்கிறதா என்று ஒரு முறை சரிபார்க்க வேண்டும். வரவில்லை என்றால் விடை டெலுரைட். 2023-இல் அலெக்சாண்டர் பெய்னின் 'தி ஹோல்டோவர்ஸ்' முதன்முதலாகத் திரையேறியது டெலுரைட்டில், பிறகு டொரன்டோவில். பெய்ன் விஷயத்தில் அடைமொழியைக்கூடப் பார்க்கத் தேவையில்லை. 'தி டிசென்டன்ட்ஸ்' (2011), 'நெப்ராஸ்கா' (2013), 'டவுன்சைசிங்' (2017) எல்லாமே அங்கே வந்தவை. 2009-இல் அவர் அந்த விழாவின் விருந்தினர் இயக்குநராகவும் (சில படங்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பவர்) இருந்திருக்கிறார். இப்படிப்பட்ட உறவுகளுக்கென்று தாளில் தனி நிரல் வைத்திருக்கிறேன். பேரி ஜென்கின்ஸ் இன்னோர் உதாரணம்: அந்த விழாவில் தன்னார்வலராக வேலை பார்த்தவர், 2016-இல் 'மூன்லைட்' படத்தை முதலில் கொண்டுவந்து காட்டியதும் அங்கேதான்.

இந்த அடைமொழி வித்தைக்குப் பின்னால் ஒரு சண்டை இருக்கிறது. 2013-இல் '12 இயர்ஸ் எ ஸ்லேவ்' படத்தை டொரன்டோ தன் உலக முதல் திரையிடலாக அறிவித்திருந்தது. அதற்கு முன்பே டெலுரைட் அதைச் சந்தடியில்லாமல் காட்டிவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு 'ஆர்கோ' படத்துக்கும் இதே கதைதான். டொரன்டோ பொறுமை இழந்து, 2014-இல் ஒரு விதி போட்டது: உலக அல்லது வட அமெரிக்க முதல் திரையிடலாக இருக்கும் படங்களுக்கே முதல் நான்கு நாட்களில் இடம். மறு ஆண்டே அதைத் தளர்த்தவும் செய்தது. விதி தளர்ந்தாலும் அடைமொழிகளைத் துல்லியமாகப் போடும் பழக்கம் மட்டும் போகவில்லை. அந்தத் துல்லியத்தில்தான் என்னைப் போன்றவர்களின் பிழைப்பு ஓடுகிறது.

நியூயார்க் விழாவின் அறிவிப்புகளைத் துணைச் சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்கிறேன். 2024-இல் அதன் தொடக்கப் படம் 'நிக்கல் பாய்ஸ்'. வெனிஸ் பட்டியலிலும் இல்லை, டொரன்டோ பட்டியலிலும் இல்லை. செப்டம்பர் கடைசிவரை அப்படியொரு படத்தை யாருக்கும் காட்டாமல் பூட்டி வைப்பார்களா? மாட்டார்கள் என்று எழுதினேன். ஆகஸ்ட் 29 வியாழக்கிழமை டெலுரைட் பட்டியல் வந்தபோது அது அதில் இருந்தது.

மதிப்பெண் போடும் முறையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் என்னை ஒழுங்காக வைத்திருக்கிறது. 'வரும், வராது' என்று எழுதினால் எப்படியும் சமாளித்துவிடலாம். அதனால் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நிகழ்தகவு எழுதி, பட்டியல் வந்ததும் பிரையர் மதிப்பெண் கணக்கிடுகிறேன். வானிலைக் கணிப்புகளைச் சோதிக்க கிளென் பிரையர் 1950-இல் முன்வைத்த முறை அது. படம் வந்தால் 1, வராவிட்டால் 0. நீங்கள் கொடுத்த எண்ணுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தின் வர்க்கம்தான் மதிப்பெண். குறைவாக இருந்தால் நல்லது. 90 விழுக்காடு என்று எழுதிப் படம் வந்தால் 0.01. வராவிட்டால் 0.81, அதாவது செம அடி. எல்லாவற்றுக்கும் 50 என்று எழுதிவிட்டுத் தூங்கப் போனால் 0.25. அந்தத் தூங்குமூஞ்சியைத் தோற்கடிக்க முடியாவிட்டால் இத்தனை நிரல்கள் எதற்கு?

என் தாளில் தெளிவாகத் தெரிந்தது இதுதான்: கழிப்பதில் கெட்டிக்காரன் ஆகிவிட்டேன், சேர்ப்பதில் இன்னும் இல்லை. வெனிஸ் நாளும் டொரன்டோ அடைமொழியும் சேர்ந்து 'இல்லை' என்று சொல்லும் படங்களுக்கு 2 அல்லது 3 விழுக்காடு துணிந்து கொடுக்கலாம்; அவை மதிப்பெண்ணைக் கெடுப்பதில்லை. கெடுப்பவை எந்த விழாவிலும் பெயர் வராமல், அக்டோபர் முதல் டிசம்பருக்குள் திரையரங்குக்கு வரவிருக்கும் அமெரிக்கப் படங்கள். அவை டெலுரைட்டுக்காகக் காத்திருக்கின்றனவா, அல்லது விழாக்களே வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டனவா? இரண்டுக்கும் வெளித்தோற்றம் ஒன்றே. மௌனத்துக்கும் இல்லாமைக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க எனக்கு வழி அகப்படவில்லை.

கடைசி நேர வருகைகளை எந்த முறையாலும் பிடிக்க முடியாது. அட்டவணையில் 'பின்னர் அறிவிக்கப்படும்' என்று சில இடங்களைக் காலியாக விட்டுவைப்பது டெலுரைட்டின் வழக்கம். 2024-இல் 'தி அப்ரென்டிஸ்' இப்படித்தான், வியாழக்கிழமைப் பட்டியலில் இல்லாமல் இருந்து வார இறுதியில் திடீரென்று முளைத்தது. இவற்றைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று யோசித்து, சேர்ப்பது என்றே வைத்திருக்கிறேன். திரையில் ஓடியது ஓடியதுதான்.

இப்போது கூடுதலாகச் சோதித்துக்கொண்டிருப்பது, விழா ஆண்டுதோறும் கலைஞர்களுக்கு அளிக்கும் வெள்ளிப் பதக்கத்தை. பதக்கம் பெறுபவரின் புதிய படம் ஒன்று அநேகமாகப் பட்டியலில் இருக்கும். 2023-இல் யோர்கோஸ் லாந்திமோஸ், ஆலிஸ் ரோர்வாக்கர், விம் வெண்டர்ஸ். 2025-இல் நோவா பாம்பாக், ஜாஃபர் பனாஹி, ஈதன் ஹாக். பிப்ரவரியிலேயே பெர்லின் திரைப்பட விழாவில் காட்டப்பட்ட 'ப்ளூ மூன்', ஈதன் ஹாக் பதக்கம் பெற்ற ஆண்டில் டெலுரைட்டுக்கும் வந்தது. பெர்லின் படங்களை நான் பொதுவாகத் தாளின் அடிப்பகுதியில் போட்டு மறந்துவிடுவேன். இனிமேல் அந்த வரிசையில் இருக்கும் நடிகர்களின் பெயரையும், அந்த ஆண்டில் அவர்களுக்கு வேறு எத்தனை படங்கள் வருகின்றன என்பதையும் சேர்த்து எழுதப்போகிறேன். ஒருவருக்கே இரண்டு மூன்று படங்கள் ஒன்றாக வந்தால் பதக்கத்துக்கு வாய்ப்பு கூடுமா என்பது அடுத்த கேள்வி. அதற்கு 2010 முதல் பதக்கம் பெற்றவர்களின் பெயர்களைத் தட்டச்சு செய்து முடிக்க வேண்டும், பாதியில் நிற்கிறது.