ரோமில் எட்டு நாள்: கட்டடங்களைப் படித்த விதம்

முதுகலை வரலாற்றுக் களப்பயணமாக ரோமில் எட்டு நாள் தங்கியிருந்தேன். திரும்பி வந்ததும் ஓர் அறிக்கை கொடுக்க வேண்டும், அதன்மேல் வாய்மொழித் தேர்வும் உண்டு. இதேபோலப் போகப்போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் நாளை வீணாக்கினேன். காலையில் கொலோசியம், அப்புறம் பண்டைய ரோமின் பொதுச் சதுக்கமான ஃபோரம், பாலட்டைன் குன்று, மாலையில் நவோனா சதுக்கம். இரவு நோட்டைத் திறந்தால் பதினான்கு பக்கமும் பெயர்கள், ஆண்டுகள். எல்லாமே அங்கங்கே இருந்த அறிவிப்புப் பலகைகளைப் பார்த்து எழுதியவை. இதற்கு விமானம் ஏறி வந்திருக்க வேண்டியதே இல்லை, நூலகத்தில் உட்கார்ந்தே எழுதியிருக்கலாம்.

மறுநாள் கொலோசியத்துக்குப் பக்கத்தில் உள்ள சான் கிளெமென்தே தேவாலயத்துக்குப் போனேன். ரோமின் வரலாற்றைப் படிக்க வருகிறவர்கள் முதலில் போக வேண்டிய இடம் இது என்பேன். தெருவிலிருந்து நாம் நுழைவது 12ஆம் நூற்றாண்டுத் தேவாலயத்துக்குள். படி இறங்கினால் 4ஆம் நூற்றாண்டுத் தேவாலயம். இன்னும் இறங்கினால் 1ஆம் நூற்றாண்டுச் சுவர்கள், ஒரு குறுகிய சந்து, மித்ராஸ் என்ற தெய்வத்தை வழிபட்ட தாழ்வான கூடம். கூடத்தின் இருபுறமும் கல் திண்ணை, நடுவே மித்ராஸ் காளையைக் கொல்லும் சிற்பம் செதுக்கிய பலிபீடம். எங்கோ அடியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. 1857இல் இங்கே தோண்டத் தொடங்கியவர் ஜோசப் மல்லூலி என்ற அயர்லாந்துத் துறவி. கீழ்த்தளத்தில் தேங்கிய தண்ணீரை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுரங்கம் வெட்டித்தான் வடிய வைத்தார்கள்.

நான் போனபோது கீழே படம் எடுக்க அனுமதி இல்லை. அதனால் பென்சிலை எடுத்து வரைய ஆரம்பித்தேன். 4ஆம் நூற்றாண்டுத் தேவாலயத்தின் நடுக்கூடத்தை வரையும்போதுதான் ஒரு சுவர் உறுத்தியது. கூடத்துக்குள்ளேயே நீளவாக்கில் போகிறது, வழிபாட்டுக்கு எந்த விதத்திலும் பொருந்தவில்லை. அந்தச் சுவரின் வேலை மேலே இருக்கிறது. புதிய தேவாலயம் பழையதைவிட அகலம் குறைந்தது, அதன் ஒரு பக்கத் தூண்வரிசை பழைய கூடத்தின் நடுவே வந்து விழுகிறது. அதைத் தாங்க எழுப்பிய சுவர் அது. பழைய தேவாலயத்தையே இடிபாடுகளால் நிரப்பி அடித்தளம் ஆக்கிவிட்டார்கள். கேமராவோடு போயிருந்தால் இந்தச் சுவரைத் தாண்டிப் போயிருப்பேன்.

மேலே வந்ததும் இன்னொன்று. பாடகர் குழு நிற்பதற்கான வெள்ளைப் பளிங்கு அடைப்பில் போப் இரண்டாம் ஜானின் பெயர்க்குறி இருக்கிறது. அவர் பதவியில் இருந்தது 533 முதல் 535 வரை. அதாவது 6ஆம் நூற்றாண்டுப் பளிங்கைக் கீழேயிருந்து கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். உள்ளே நுழைந்தபோது 'எல்லாம் 12ஆம் நூற்றாண்டு' என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு, 'இதில் எது எங்கிருந்து வந்தது?' என்று எழுதினேன். மீதி ஆறு நாளும் அந்த ஒரே கேள்விதான்.

முதல் நாள் பார்த்த பகுதிக்கே திரும்பிப் போனேன். பேரரசர் கான்ஸ்டன்டைனுக்காக 315இல் எழுப்பிய கான்ஸ்டன்டைன் வளைவில், அவருக்கு முந்தைய பேரரசர்களான டிராஜன், ஹேட்ரியன், மார்க்கஸ் அவுரேலியஸ் காலச் சிற்பங்கள் பதிக்கப்பட்டிருக்கின்றன. வட்டச் சிற்பங்களையும் அவற்றின் கீழே ஓடும் பட்டையையும் ஐந்து நிமிடம் மாறி மாறிப் பாருங்கள், வெவ்வேறு காலத்துக் கைகள் என்பது தானாகத் தெரியும். ஃபோரங்களின் ஊடே போகும் அகலச் சாலை முசோலினி 1932இல் திறந்தது. அதற்காக ஒரு குடியிருப்புப் பகுதியையே இடித்தார்கள். நாம் இன்று காணும் 'பண்டைய ரோமின் காட்சி'யில் அந்த இடிப்புக்கும் பங்கு உண்டு. இதைக் கட்டாயம் உங்கள் அறிக்கையில் சேருங்கள்.

செய்முறையாகச் சொன்னால், ஒரு நாளைக்கு இரண்டு இடம் போதும். பல தேவாலயங்கள் மதியம் சில மணி நேரம் மூடியிருக்கும், அந்த நேரத்தை எழுதுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்களில் இலவசம், ஆனால் அந்தக் கூட்டத்தில் நின்று வரைய முடியாது. நோட்டில் இடப்பக்கம் கண்ணால் பார்த்தது, வலப்பக்கம் படித்தது என்று பிரித்து எழுதுங்கள். பலகையைக் கடைசியில் படியுங்கள்.

இந்தப் பிரிப்பு வாய்மொழித் தேர்வில் கைகொடுத்தது. பாந்தியன் என்ற பண்டைய ரோமானியக் கோயிலை யார் கட்டியது என்று கேட்டார்கள். முகப்பில் 'லூசியஸின் மகன் மார்க்கஸ் அக்ரிப்பா, மூன்றாம் முறை கான்சலாக இருந்தபோது கட்டியது' (கான்சல் என்பது ரோமின் உயர் ஆட்சிப் பதவி) என்று பெரிய எழுத்தில் இருக்கிறது, என் இடப்பக்கத்தில் இருந்தது அதுதான். வலப்பக்கத்தில், அக்ரிப்பாவின் கட்டடம் எரிந்துபோனது, இப்போது நிற்பது 2ஆம் நூற்றாண்டில் எழுந்து ஹேட்ரியன் காலத்தில் முடிந்தது, பழைய பெயரை அவர் அப்படியே விட்டுவைத்தார் என்று இருந்தது. "எப்படித் தெரியும்?" என்றார் தேர்வாளர். செங்கற்களில் சூளைக்காரர்கள் குத்திய முத்திரைகளைச் சொன்னேன். 1892இல் அந்த முத்திரைகளை ஆராய்ந்த பிறகுதான் காலம் தெளிவானது. அவர் தலையசைத்துவிட்டு, அறிக்கையில் நான் இணைத்திருந்த சான் கிளெமென்தே வரைபடத்தைத் திருப்பி, அந்தச் சுவரின்மேல் விரலை வைத்தார்.