டவுன் பஸ் தூரத்தில் ஒரு தெரபி சென்டர்

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அன்றாடக் காரியங்களைத் தானாகச் செய்யப் பயிற்சி கொடுக்கிறவள். அதற்கான பி.ஓ.டி. பட்டப்படிப்பை நாலரை வருசம் படித்துவிட்டு பாளையங்கோட்டையில் ஒரு சென்டரில் வேலை பார்த்தேன். அங்கே முக்கூடலில் இருந்து ஓர் அம்மா மகனைக் கூட்டிக்கொண்டு வருவார். பையனுக்கு நாலு வயசு, ஆட்டிசம். அம்மா பீடி சுற்றுகிறவர். வாரம் மூன்று நாள் வரச் சொல்லியிருந்தோம். முதல் மாதம் ஒழுங்காக வந்தார், அப்புறம் வாரம் ஒரு நாள், அப்புறம் வரவே இல்லை. போன் போட்டுக் கேட்டால், "முக்கால் மணி நேரப் பயிற்சிக்கு ஒரு நாள் பொழுதே போயிருதுக்கா, அன்னைக்கு பீடிக் கடையில கணக்குக் குறையுது" என்றார். பையன் பந்து வேண்டும் என்றால் என் முகத்தைப் பார்த்துக் கை நீட்டத் தொடங்கியிருந்த நேரம் அது. எனக்கு அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

சொந்தமாக ஒரு தெரபி சென்டர் தொடங்கச் சேரன்மகாதேவியைத் தேர்ந்தெடுத்தது அதனால்தான். பத்தமடை, வீரவநல்லூர், முக்கூடல் எல்லாம் பக்கம். 2021-ல் இருந்து அரசு சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அதனால் டவுன் பஸ் நிறுத்தத்தில் இருந்து பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கிற தூரத்தில் வீடு வேண்டும் என்று தேடினேன். தரைத்தளம், வாசலில் படி கூடாது, பெரிய ஹால். மூன்று வீட்டுக்காரர்கள், "அந்த மாதிரி பிள்ளைகளா?" என்று கேட்டுவிட்டு மறுத்தார்கள். நாலாவது வீட்டு ஆச்சி, "என் பேரனும் பேசாமத்தான் இருக்கான்" என்று சொல்லி சாவியைக் கையில் கொடுத்தார்.

அடுத்து காகிதங்கள். கிளினிக் என்றால் 1997-ஆம் வருச மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி பதிவு, அதற்கு நலப்பணிகள் இணை இயக்குநரிடம் விண்ணப்பம். மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனம் என்பதால் 2016-ஆம் வருச மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி இன்னொரு பதிவு, அதற்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புச் சான்று, சுகாதாரச் சான்று எல்லாம் சேர்க்க வேண்டும். பேச்சுப் பயிற்சி, சிறப்புக் கல்வி சொல்லித்தர வருகிறவர்களுக்கு ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் இருக்க வேண்டும். என் முதல் விண்ணப்பம் திரும்பி வந்தது, வாடகை ஒப்பந்தத்தை நான் பதிவு செய்யாமல் வைத்திருந்தேன். அதைப் பதிய ஆச்சியைக் கூட்டிக்கொண்டு இரண்டு நாள் அலைந்தேன். நீங்கள் தொடங்குவதாக இருந்தால் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே இதைப் பேசி முடித்துவிடுங்கள்.

ஊஞ்சல்தான் பெரிய வேலை. எங்கள் பயிற்சியில் ஊஞ்சல் இல்லாமல் முடியாது, உடம்பின் சமநிலையை நிறைய பிள்ளைகள் அதில்தான் பழகுகிறார்கள். ஆனால் பழைய வீட்டு மச்சில் கொக்கி அடிக்கப் பயமாக இருந்தது. வெல்டிங் பட்டறை அண்ணாச்சியிடம் பேப்பரில் வரைந்து காட்டினேன். இரண்டு இஞ்சு இரும்புக் குழாயில், கால்களை அகலமாக விரித்து, தனியாக நிற்கிற மாதிரி செய்து கொடுத்தார். நான் கேட்காமலேயே பட்டறை ஆட்கள் இரண்டு பேரை உட்கார வைத்து வேகமாக ஆட்டிப் பார்த்தார், ஒரு கால் லேசாகத் தூக்கியது, திரும்ப அறுத்து இன்னும் அகலமாக்கிக் கொடுத்தார். கூலி வாங்கும்போது, "பிள்ளையள் உக்காருத சாமான்லா, நாளைக்கு ஒண்ணுன்னா எனக்குத் தூக்கம் வராது" என்றார்.

மற்றதெல்லாம் நம்ம ஊர்ச் சாமான். கீழே விரிக்கப் பத்தமடைக் கோரைப்பாய். சிலருக்கு அந்தச் சொரசொரப்பில் கால் வைக்கவே முடியாது, விரல்களை மடக்கி, குதிகாலில் நின்று அழுவார்கள். அவசரப்படுத்தக் கூடாது. முதலில் ஒரு கால், அதுவும் அம்மா மடியில் உட்கார்ந்தபடி. விரல் வேலைக்குச் சுளகில் புளியங்கொட்டை பரப்பி, ஒவ்வொன்றாக எடுத்துச் சொம்பில் போடச் சொல்வோம். வீட்டில் இருக்கிற பொருளில் சொல்லித் தந்தால்தான் அம்மாமார் வீட்டிலும் செய்கிறார்கள். பீடி சுற்றுகிற சுளகை மட்டும் எடுக்காதீர்கள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன், அதில் புகையிலைத் தூள் இருக்கும்.

இங்கே எனக்குப் பெரிய தடை, "அவன் அப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்கிற பேச்சு. ஒன்றரை வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையைக் காட்டாமல் மூன்று, நான்கு வயது வரை வைத்திருந்துவிடுகிறார்கள். அதனால் ஆச்சிமாரையும் சேர்த்து உட்கார வைத்துத்தான் பேசுகிறேன். மாற்றுத்திறனாளி அட்டை வாங்குவதை அவமானமாக நினைப்பவர்களிடம் அந்த அட்டை இருந்தால் சேரக்கூடிய மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீட்டைப் பற்றிச் சொல்கிறேன், வருசத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை, தெரபிச் செலவும் அதில் அடங்கும்.

பயிற்சி நேரத்தைக் காலை பத்தரைக்கு மேல் வைத்திருக்கிறேன், பீடிக் கடையில் கணக்குக் கொடுத்துவிட்டு வருவதற்கு. பேச்சுப் பயிற்சிக்குச் சனிக்கிழமை மட்டும்தான் ஆள் வருகிறார். இன்னும் இரண்டு நாள் வர யாராவது கிடைத்தால் ரொம்ப உதவியாக இருக்கும்.

முக்கூடல் அம்மாவுக்கு முதல் வாரமே போன் செய்தேன். மறுநாளே கூட்டி வந்துவிட்டார். பையனுக்கு இப்போது ஏழு வயசு. என்னை அவனுக்கு ஞாபகம் இல்லை. பந்தை என் முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு மறுபடியும் முதலில் இருந்து தொடங்கியிருக்கிறோம்.